தாப்பா ஏற்றம் கேட்கும் கேள்வி

2013-இல் மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வேகப் பிரியர்களை மூன்று கட்சியாகப் பிரித்தன. போர்ஷே 918 ஸ்பைடர், மெக்லாரன் பி1, லாஃபெராரி. மூன்றிலும் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். மொத்த சக்தி முறையே 887, 916, 963 குதிரைத்திறன். போர்ஷே பெயருக்கேற்றபடி 918 கார்கள் செய்தது. மெக்லாரன் 375. ஃபெராரி 499 செய்து முடித்துவிட்டு, இத்தாலிய நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2016-இல் ஏலம் விட இன்னொன்றும் செய்தது. இவற்றில் எது வேகம் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஓயாததற்குக் காரணம், கேட்கப்படும் கேள்வியில் பாதி விடுபட்டுப் போயிருப்பதுதான். விடுபட்ட பாதியைக் காட்ட ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போக வேண்டாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் கூட்டரசுச் சாலை போதும்.

முதலில் பந்தயத் தடத்துக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2013 செப்டம்பரில் மார்க் லீப் 918-ஐ நூர்பர்க்ரிங்கில் 6 நிமிடம் 57 வினாடியில் ஓட்டினார். சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற கார்களுக்கு அன்றைக்கு அது பெரிய செய்தி. மெக்லாரனோ, தன் கார் ஏழு நிமிடத்துக்குள் முடித்தது என்று மட்டும் அறிவித்துவிட்டு, துல்லியமான நேரத்தைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது. ஃபெராரி அந்தப் பக்கமே போகவில்லை. தன் சொந்தத் தடமான ஃபியோரானோவில் 1 நிமிடம் 19.7 வினாடி என்ற கணக்கைத்தான் அது வெளியிட்டது. ஆளுக்கொரு கேள்வித்தாள், ஆளுக்கொரு மதிப்பெண்.

மூன்றையும் ஒரே தடத்தில், ஒரே ஓட்டுநர் கையில் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அதிகம் பேசப்பட்டது போர்ச்சுகலின் போர்ட்டிமாவ் தடத்தில் நடந்து, 2016 நவம்பரில் 'தி கிராண்ட் டூர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளியானது. முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஜெரோம் தம்ப்ரோசியோ ஓட்டினார். போர்ஷே முதலில் வந்தது, நேரம் 1 நிமிடம் 54.2 வினாடி. லாஃபெராரி அதை ஒட்டியே இரண்டாவது. பி1 மூன்றாவது. முதல் காருக்கும் மூன்றாவது காருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு வினாடிதான். டயரும் தட்பவெப்பமும் மாறினாலே வரிசை மாறிவிடும் அளவுக்குச் சின்ன இடைவெளி அது.

நான் நிற்க விரும்புவது அந்த 1 நிமிடம் 54 வினாடியில். 918-இன் பேட்டரி 6.8 கிலோவாட்-மணி. அதன் இரண்டு மோட்டார்களும் முழுத் திறனோடு இழுத்தால் மொத்தம் 210 கிலோவாட். இடையில் மின்னேற்றம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள்: பேட்டரி 117 வினாடி தாங்கும். பி1-க்கு 4.7 கிலோவாட்-மணி, 131 கிலோவாட். ஏறத்தாழ 129 வினாடி. லாஃபெராரிக்கு 2.3 கிலோவாட்-மணி, 120 கிலோவாட், 69 வினாடி. தடத்தில் யாரும் சுற்று முழுக்க ஆக்சிலரேட்டரை அழுத்தியே இருப்பதில்லை. பிரேக் போடும்போது போர்ஷேயும் ஃபெராரியும் கொஞ்சம் சக்தியைத் திரும்பப் பெறுகின்றன. ஆக, ஒரே சுற்றுச் சோதனையில் மூன்று பேட்டரியும் தீர்ந்துபோகும் நிலைக்கு வருவதே இல்லை. சேமித்த சக்தியை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் ஹைபிரிட் காரின் உயிர்நாடி. சுற்று நேரம் அதைத் தொடுவதே இல்லை.

சேமித்த சக்தியைச் செலவழிக்கும் இந்தச் சாமர்த்தியத்தைச் செப்பாங் பந்தயத் தடத்தில் நாம் நேரிலேயே பார்த்தோம். 2009-இல் ஃபார்முலா 1-க்குள், பிரேக்கில் சக்தியை மீட்டுச் சேமிக்கும் கெர்ஸ் நுழைந்தபோது, ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல், 60 கிலோவாட் என்று விதி கட்டியிருந்தார்கள். லாஃபெராரி பேட்டரி கொள்ளும் சக்தியில் அது இருபதில் ஒரு பங்குதான். அதைத் தொடக்க ஓட்டத்தில் கொட்டுவதா, நீண்ட நேர்ப்பாதைக்கு வைத்துக்கொள்வதா என்பதே ஓட்டுநரின் சாமர்த்தியமாக இருந்தது. அந்த ஆண்டு மலேசியப் பந்தயம் மழையில் 31 சுற்றோடு நின்று, ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளியோடு வெற்றி தந்தது வேறு கதை. பட்டனின் காரில் கெர்ஸே கிடையாது.

இனி மலைக்கு வருவோம். தாப்பா கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி. மேலே இருக்கும் ஊரான தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அதில் வளைவு இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து 1,750 கிலோ எடையுள்ள ஒரு 918-ஐ 1,400 மீட்டர் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும்? கணக்குப் போட்டால் 6.7 கிலோவாட்-மணி வருகிறது. அதன் முழு பேட்டரியும் ஏறத்தாழ அதே அளவு! டயரின் உராய்வு, காற்றின் எதிர்ப்பு இரண்டையும் சேர்த்தால் வெறும் மின்சாரத்தில் பாதி மலைதான் ஏற முடியும். பி1-இன் பேட்டரி அதற்கும் முன்பே கைவிரிக்கும். லாஃபெராரியில் மின்சாரத்தில் மட்டும் ஓடும் வசதியே இல்லை.

இன்ஜினும் சேர்ந்து இழுக்கும்போது வேறொரு சங்கதி வெளிப்படுகிறது. தானா ராத்தாவில் காற்றின் அடர்த்தி தாப்பாவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாமல் தானாக மூச்சிழுக்கும் இன்ஜின் அந்த அளவுக்குச் சோர்ந்துவிடும். லாஃபெராரியின் 800 குதிரைத்திறன் வி12 எழுநூறுக்குப் பக்கத்தில் இறங்கும். போர்ஷேயின் 608 குதிரைத்திறன் வி8-உம் அப்படித்தான். இரட்டை டர்போ கொண்ட பி1-இன் 3.8 லிட்டர் இன்ஜினுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. டர்போ சுழன்றெழும் வரை ஏற்படும் தாமதத்தை மின்மோட்டார் நிரப்பிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவிலிருந்து மேல்நோக்கி வெளியேறும் ஒவ்வொரு முறையும் இதுதான் கைகொடுக்கும். சாலை காய்ந்திருந்தால் ஏற்றத்தில் என் முதல் இடம் பி1-க்கு. போர்ட்டிமாவில் கடைசியாக வந்த அதே கார்.

ஆனால் கேமரன் மலையில் பிற்பகல் மழை பெய்யாத நாளை எண்ணிவிடலாம். பாசி படர்ந்த ஓரம், காய்கறி லோரி சிந்திப்போகும் சேறு, மூங்கில் இலை. பின் சக்கரத்தில் மட்டும் 916 குதிரைத்திறனை இறக்கும் கார் அங்கே ஓட்டுநரின் வலது காலை நம்பியே நிற்கிறது. 918-இல் முன் அச்சுக்குத் தனி மோட்டார் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும். பின் சக்கரங்களும் கொஞ்சம் திரும்பும். ஈரத்தில் வரிசை தலைகீழ்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று கார்களும் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே செய்யப்பட்டவை. இடப்பக்கமாக ஓட்டும் நம் சாலையில் ஒரு லோரியை முந்த வேண்டுமானால் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. மூன்றும் 1.94 மீட்டருக்குக் குறையாத அகலம். லாஃபெராரி ஏறத்தாழ இரண்டு மீட்டர். பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஒற்றைத் தடத்தில் எதிரே ஒரு வேன் வந்தால் யார் பின்வாங்குவது என்பதே போட்டியாகிவிடும். 1.7 மீட்டர் அகலமுள்ள பழைய லேண்ட் ரோவர்கள் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதற்கு அவற்றின் உடல்வாகும் ஒரு காரணம்.

அந்த லேண்ட் ரோவர் ஓட்டுநர்களிடமிருந்துதான் இறக்கத்தைக் கற்க வேண்டும். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதல் பாரத் தோட்டம் வரை, சரிவில் சரக்கோடு இறங்கும் வண்டி தாழ்ந்த கியரில், இன்ஜினின் பிடியில்தான் இறங்கும். பிரேக் கடைசித் துணை. 2010 டிசம்பரில் சிம்பாங் பூலாய் பக்கத்துச் சாலையில் தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகளோடு இறங்கி வந்த பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இறக்கம் எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல.

மூன்று நிறுவனங்களின் சிந்தனையும் உண்மையில் பிரிவது இந்த இறக்கத்தில்தான். 918-இல் பிரேக்கை மிதித்தால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு வரை வேகத்தைத் தணிக்கும் வேலையை மோட்டார்களே செய்து மின்சாரமாக்கும்; அதற்கு மேல் மிதித்தால்தான் பிரேக் தட்டுக்கு வேலை. லாஃபெராரியும் பிரேக்கில் மின்சாரம் மீட்கும். பி1-இல் அந்த ஏற்பாடே இல்லை. காலுக்குக் கிடைக்கும் பிரேக் உணர்வு கெடக் கூடாதென்று மெக்லாரன் வேண்டுமென்றே அதை விலக்கியது. ஓட்டத்தின்போது அதன் பேட்டரியை நிரப்புவது இன்ஜின்தான். ஏற்றத்தில் நான் முதலிடம் கொடுத்த கார், இறக்கத்தில் மலை திருப்பித் தரும் சக்தியைப் பிரேக் தட்டுகளில் சூடாக்கிக் காற்றில் விடுகிறது. தடத்துக்கு அது நியாயமான முடிவு. இந்த மலைக்கு அது பெரிய இழப்பு.

எவ்வளவு இழப்பு? தூக்கியபோது செலவான 6.7 கிலோவாட்-மணி முழுதாகத் திரும்பாது. டயரும் காற்றும் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மோட்டாரும் பேட்டரியும் தம் பங்குக்குக் கொஞ்சம் இழக்கும். நிதானமாக இறங்கினால் ஒன்றரை கிலோவாட்-மணி அளவில் மிஞ்சும் என்பது என் மதிப்பீடு. 918-க்கு அது பேட்டரியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. தாப்பா ஊருக்குள் சில கிலோமீட்டர் சத்தமில்லாமல் போகலாம். லாஃபெராரிக்கு அதே அளவு பாதிக்கு மேல். ஆனால் உச்சியில் பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது.

இது கோடீசுவரர்களின் கார்களுக்கு மட்டுமான சிக்கல் அல்ல. சாதாரண ஹைபிரிட் காரில் குடும்பத்தோடு கேமரன் மலையிலிருந்து இறங்கியவர்களுக்குத் தெரியும்: பாதி வழியிலேயே பேட்டரி நிரம்பிவிடும், திடீரென்று இன்ஜின் உறுமத் தொடங்கும். கோளாறு ஒன்றுமில்லை. மின்சாரத்துக்கு இடமில்லாததால் கார் இன்ஜினைப் பிடித்து வேகத்தைத் தணிக்கிறது. தோட்டத்து லேண்ட் ரோவர் செய்யும் அதே வேலை.

சேமித்த சக்தியைப் பங்கிட்டுச் செலவழிக்க வேண்டும் என்ற உண்மை தடத்திலும் மெல்லத் தலைகாட்டுகிறது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் என்ற ஹைபிரிட் கார் 2022-இல் நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டரை 6 நிமிடம் 35.183 வினாடியில் முடித்தபோது, அத்தனை நீளத்துக்கும் மின்சாரம் போதாது, எங்கே செலவழிப்பது எங்கே மீட்பது என்று ஓட்டுநர் மாரோ எங்கல் பங்கிட்டே ஓட்ட வேண்டியிருந்தது என்று நிறுவனமே சொன்னது. 2024-இல் அவரே அதை 6 நிமிடம் 29.090 வினாடியாகக் குறைத்தார். சாதனையில் இன்ஜினுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பங்கீட்டுக்கும் அவ்வளவு பங்கு.

ஆகவே நம் மோட்டார் பத்திரிகைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஹைபிரிட் கார் எதுவாயினும், விலை எண்பதாயிரம் வெள்ளியோ எண்பது லட்சமோ, அதைத் தாப்பாவிலிருந்து பாதி நிறைந்த பேட்டரியோடு ஏற்றுங்கள். தானா ராத்தாவில் எவ்வளவு மிச்சம், வழியிலுள்ள ரிங்லெட் தாண்டி இறங்குகையில் எந்தக் கிலோமீட்டரில் பேட்டரி நிரம்பியது, கீழே வந்ததும் பிரேக் தட்டின் சூடு எவ்வளவு என்ற மூன்று எண்களையும் சுற்று நேரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.