கி.ரா.வின் ‘கதவு’: வீட்டில் விடப்பட்டவர்கள்

கரிசல் மண் தந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை நம்மில் பலர் படித்திருப்போம். தந்தை மணிமுத்தாற்றுக்குக் கூலி வேலைக்குச் சென்று மாதங்கள் ஆகின்றன, செய்தி இல்லை. தாய் ரங்கம்மாள் உழைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். லட்சுமி, ஸ்ரீனிவாசன், ஒரு கைக்குழந்தை எனப் பிள்ளைகள் மூவர். வீட்டுக் கதவுதான் அவர்களுக்குப் பேருந்து. அதில் தொற்றி ஆடுவதே பயணம். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து அக்கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். வாடைக்காற்று உள்ளே புகுந்த நாள்களில் கைக்குழந்தை நோயுற்று இறந்துபோகிறது.

இக்கதையை வறுமையின் சித்திரம் என்றும், ஏழையின் மானத்தைப் பறிக்கும் அரசின் உருவகம் என்றும் திறனாய்வாளர்கள் விளக்கியிருக்கின்றனர். அவ்விளக்கங்களை நான் மறுக்கவில்லை. ஆனால், இருபத்தைந்து ஆண்டுகளாகக் கரிசல் ஊர்களில் வீடு சந்தித்து வரும் ஒருவனுக்குக் கதவை உருவகமாக மட்டும் பார்க்க இயலவில்லை. வேலைக்குப் போகும் தாய்க்குக் கதவு என்பது பிள்ளைக் காவல். பெரியவர் எவரும் இல்லாத வீட்டில் காற்றையும் நாயையும் வெளியே நிறுத்துவது அதுவே. கி.ரா. ரங்கம்மாளின் வேலைத்தலத்தை விரித்துக் காட்டவில்லை. கதை குழந்தைகளின் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. அதுவே அதன் அழகு. எனினும், களத்தில் குனிந்து நிற்கும் அப்பெண்ணின் மனம் பகல் முழுவதும் எங்கே இருந்திருக்கும் என்ற கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கதையில் இன்னொரு நுட்பம் உண்டு. தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படம் ஒன்றைப் பிள்ளைகள் அக்கதவில் ஒட்டுகிறார்கள். இன்று படிக்கும்போது அந்தப் படம் என்னை உறுத்துகிறது. அதே கரிசலில், சிவகாசி வட்டாரத்தில், லட்சுமியின் வயதுப் பிள்ளைகளே பல பத்தாண்டுகள் தீப்பெட்டி ஒட்டினார்கள். 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பளித்து, ஆபத்தான தொழிலில் சிறுவரை அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. பிள்ளைகள் பெருமளவில் பள்ளிக்குச் சென்றார்கள். நல்லதே நடந்தது. ஆனால் பள்ளிக்குச் சென்ற அக்காள் இரண்டு வேலைகளை விட்டுச் சென்றாள்: ஒன்று ஆலையில், மற்றொன்று வீட்டுத் தொட்டிலருகே. முதல் வேலையைப் பற்றி நாடே பேசியது. இரண்டாவதை யார் ஏற்றார்கள் என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை நிற்கும் ஆனைக்குட்டம் பக்கம் காலையில் சென்றால் விடை தெரியும். பட்டாசு ஆலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டி புறப்பட்டபின், திண்ணையில் முழங்கால் வலியோடு ஓர் அம்மாச்சி. அவளைச் சுற்றி மூன்று பேரப்பிள்ளைகள். அம்மாச்சி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அங்கன்வாடி. அது மாலைக்குள் பூட்டப்படும்; ஆலை வண்டி திரும்புவதோ அதற்குப் பிறகு. இடைப்பட்ட நேரத்தில் அக்குழந்தை கதவில்லாத வீட்டில்தான் இருக்கிறது.

சட்டம் இதை அறியாததன்று. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 2017இல் மகப்பேற்றுப் பயன் சட்டத் திருத்தம் ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கடமையாக்கியது. ஆனால் கூலிக்கணக்கை முப்பதுக்குக் கீழே வைத்திருக்கும் சிறு பட்டறைக்கு என்ன சொல்வது? மேலும், வெடிமருந்து கலக்கும் வளாகத்துக்குள் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லும் மனம் எந்தத் தாய்க்கு வரும்? ஆகவே காப்பகம் ஊருக்குள்ளேயே வேண்டும். ஆலை வண்டி திரும்பும்வரை திறந்திருக்க வேண்டும்.

அதை நடத்துபவருக்கு என்ன கொடுப்பது? இங்கேதான் நம் சிக்கல். தாயிடம் கட்டணத்தை உயர்த்தினால் அவள் பிள்ளையை மீண்டும் திண்ணையில் விடுவாள். கட்டணத்தைக் குறைத்தால் ஆசிரியையின் வயிறு காயும். ஓர் ஏழைப் பெண்ணின் பையிலிருந்து எடுத்து இன்னோர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுக்கும் இக்கணக்கு ஒருநாளும் நேராகாது. அத்தாயின் உழைப்பால் ஆதாயம் பெறுகிற ஆலைகளும், அரசும், ஊரும் சேர்ந்தே இச்செலவைச் சுமக்க வேண்டும்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது முதல், அங்கன்வாடிப் பணியாளர் பெறுவதற்கு ‘மதிப்பூதியம்’ என்றே பெயர். சொல்லைப் பாருங்கள்: மதிப்பும் உண்டு, ஊதியமும் உண்டு, இரண்டும் ஒட்டியபின் இரண்டுமே குறைந்துபோகின்றன. 2018 அக்டோபரில் நடுவண் அரசு தன் கணக்கில் பணியாளருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250 ரூபாய் என நிர்ணயித்தது. அதுவும் அதற்கு முன்னிருந்ததைவிட உயர்வுதான். மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் அதற்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று தனிப்பெயரும் உண்டு. 2006இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்றது. 2022 ஏப்ரல் 25ஆம் நாள் அதே நீதிமன்றம், இவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டப்படி பணிக்கொடை உண்டு, மதிப்பூதியமும் அச்சட்டம் கூறும் ஊதியமே என்றது. சொல்லின் முகமூடி ஓரளவு கழன்ற நாள் அது எனலாம்.

அரசை மட்டும் குறை கூறி நான் தப்பிக்க முடியாது. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய ‘ரேரும் நொவாரும்’ திருமடலில் நீதியான கூலியைப் பற்றிக் குருமடத்தில் தேர்வெழுதித் தேறியவன் நான். பல ஆண்டுகளுக்கு முன், நான் பொறுப்பேற்றிருந்த ஒரு பங்கின் மழலையர் பள்ளியில், நாற்பது பிள்ளைகளைத் தனியே பார்த்துக்கொண்ட ஆசிரியை சம்பள உயர்வு கேட்டு வந்தார். நான் சேவையைப் பற்றிப் பேசினேன். கிறிஸ்து பிறப்புக்குக் கொடுத்த சேலையையும் நினைவூட்டினேன். அவர் தலையைக் குனிந்தபடி, “சாமி, சேவைக்குக் கடையில அரிசி தரமாட்டாங்க” என்றார். நான் கோபப்பட்டேன். அடுத்த கல்வியாண்டில் அவர் ஒரு பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டார். அங்கே கூலி கூடுதல்.

அந்த ஆண்டு திருவிழாவுக்குத் தேர்ச் சோடனையும் வாணவேடிக்கையும் குறைவின்றி நடந்தன. கணக்கேட்டில் அவர் கேட்ட தொகையைப்போலப் பல மடங்கு அச்செலவுக்கு எதிரே என் கையெழுத்தோடு நிற்கிறது.

இவ்வாண்டு எங்கள் பங்குப்பேரவையில் திருவிழாக் கணக்கும் மழலையர் பள்ளியின் சம்பள ஏடும் ஒரே மேசையில் வைக்கப்படும். அருகிலுள்ள ஆலை உரிமையாளர்களிடம் ஊர்க் காப்பகத்துக்குப் பங்களிப்புக் கேட்டுச் செல்லும் குழுவுக்கும் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதற்பெயர் என்னுடையது, இரண்டாவதாக, அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.