மறைந்தாடும் வல்லவர்

திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் கோயில் கொண்டுள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். மன்னன் மகளாகப் பிறந்த இராசராசேசுவரி சதுரங்கத்தில் ஒப்பாரும் மிக்காரும் இன்றி விளங்கினாள் என்றும், அவளை ஆட்டத்தில் வெல்பவருக்கே மணமுடித்துத் தருவதாக மன்னன் அறிவித்தான் என்றும், முடிவில் முதியவர் வடிவில் வந்த சிவபெருமான் ஆடி வென்றார் என்றும் தலவரலாறு கூறும். 2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றபோது இக்கோயிலின் பெயர் மீண்டும் பலர் நாவில் ஒலித்தது. கேரளத்து அம்பலப்புழையிலும் இதனை ஒத்த கதை ஒன்று உண்டு. அங்கே முனிவர் வேடத்தில் வந்து மன்னனோடு ஆடியவர் கண்ணன். முதற் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தரவேண்டும் என்பது பந்தயம். மன்னனின் களஞ்சியம் அதற்குப் போதவில்லை.

இவ்விரு கதைகளையும் நாம் மகிழ்ந்தே கேட்கிறோம். வல்லவர் ஒருவர் தம் வலிமையை மறைத்துக்கொண்டு, தம்மை அறியாதவரை வென்றதற்காக எவரும் குறைகூறுவதில்லை. காரணம் வெளிப்படை. தோற்றவர் அங்கே இழந்ததைவிடப் பெற்றது மிகுதி. அரசிளங்குமரிக்கு இறைவனே துணைவனானான். அம்பலப்புழை மன்னனுக்குச் செருக்கு நீங்கிற்று. அதனினும் முதன்மையானது, ஆட்டம் முடிந்ததும் வேடம் கலைந்தது என்பதாகும். தம்மை வென்றவர் யார் என்பதைத் தோற்றவர் அறிந்துகொண்டனர். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் வேடத்தை எவ்வாறு மதிப்பிடுவது? இணையச் சதுரங்கம் நம் மாணவர்களின் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில் இவ்வினா வெறும் புராண ஆராய்ச்சியன்று.

இணையத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் சிலர், தம் பெயரில் உள்ள கணக்கு போதாதென்று, வேறு பெயரில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி ஆடுகின்றனர். புதிய கணக்குக்குப் பழைய புகழ் இல்லை. பழைய தரப்புள்ளியும் இல்லை. ஆகவே அவர் தொடக்க நிலையினரோடு இணைக்கப்படுகிறார். எதிரே அமர்பவர் தமக்கு நிகரான ஒருவரோடு ஆடுவதாக எண்ணியே காயை நகர்த்துகிறார்.

இதில் தீங்கு என்ன என்பதை அறியத் தரப்புள்ளியின் இயல்பை அறிதல் வேண்டும். அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராகப் பணிபுரிந்த அர்பாடு எலோ என்பார் வகுத்த கணக்கீட்டு முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் புள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாடே அவர்கள் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டிச் சொல்லும் என்பது அதன் உயிர்நாடி. வேறுபாடு 200 எனில், வலியவர் 100 ஆட்டங்களில் 76 புள்ளிகள் பெறுவார். 400 எனில் 91. வேறுபாடு 1,000 ஆகுமெனில், எளியவர் 300-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளியை எதிர்பார்க்கலாம். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். போருக்குப் புறப்படும் வேந்தன் மாற்றானின் வலிமையைத் தானே ஆய்ந்தறிய வேண்டியிருந்தது. இன்றைய ஆட்டக்காரனுக்கு அவ்வேலையைத் தரப்புள்ளி செய்துகொடுக்கிறது. அதனை நம்பியே அவன் களம் இறங்குகிறான். அந்த எண் பொய்யாகும்போது அவன் நம்பிக்கை முழுவதும் பொய்யாகிவிடுகிறது.

இவ்வழக்கத்துக்காக வாதாடுவோர் கூறும் முதற் சமாதானம், கணக்கீட்டு முறை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. லிச்செஸ் தளத்தில் புதியவர் எவரும் 1500 புள்ளியில் தொடங்குவார். அவ்வெண்ணின் அருகே ஒரு கேள்விக்குறி நிற்கும். அவர் தரம் இன்னும் உறுதிப்படவில்லை என்பதற்கு அதுவே அறிகுறி. மார்க் கிளிக்மன் உருவாக்கிய முறையைத் தழுவி அங்கே கணக்கிடுவதால், கேள்விக்குறி உடையவரிடம் தோற்றவர் இழக்கும் புள்ளி சிறிதே. வல்லவரோ சில பத்து ஆட்டங்களில் தமக்குரிய உயரத்தை எட்டிவிடுவார். ஆகவே புள்ளியளவில் நேரும் இழப்பு பெரிதன்று என்பதை நாமும் ஒப்புவோம்.

ஆயின், இழப்பைப் புள்ளியால் மட்டுமே அளப்பது ஆசிரியர்க்கு உடன்பாடாகுமா? ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் அமர்ந்து முதல் மதிப்பெண் பெறுகிறான் என்று கொள்வோம். மறுநாளே அவன் பெயரைப் பட்டியலினின்று நீக்கிவிடலாம், மதிப்பெண்கள் நேராகிவிடும். அன்று அவனருகே அமர்ந்திருந்த சிறுவன் தன்னைப் பற்றிக் கொண்ட எண்ணம் நேராகுமா? தோல்வியினின்று கற்பதற்கும் ஒரு முறை உண்டு. நிகரானவரிடம் தோற்றவன், எந்த நகர்வில் பிழைத்தேன் என்று தேடுகிறான். தன்னினும் மிக உயர்ந்தவரிடம் அறிந்தே தோற்றவன், அவர் எவ்வாறு வென்றார் என்று தேடுகிறான். நிகரானவர் என்று நம்பிய வல்லவரிடம் தோற்றவனுக்கோ தேடல் வழி தவறிவிடுகிறது. தன் ஆட்டம் முழுவதும் பயனற்றது என்ற முடிவுக்கு அவன் வருகிறான். அம்முடிவு பொய், ஆயினும் அதனைப் பொய்யென்று அவனுக்குச் சொல்வார் இல்லை.

மறைவு எல்லாம் குற்றம் என்று சொல்லவும் நாம் துணியவில்லை. நார்வே நாட்டு மேக்னசு கார்ல்சன், உலக வாகையராக இருந்த காலத்திலேயே, டாக்டர் டிரங்கன்ஸ்டைன் போன்ற வேடிக்கைப் பெயர்களில் லிச்செஸ் போட்டிகளில் ஆடினார். அப்பெயருக்கு முன் கிராண்ட்மாஸ்டர் என்னும் அடையாளம் இருந்தது. பெயர் மறைந்தது, வலிமை மறையவில்லை. எதிரே ஆடியவர்களும் பட்டம் பெற்றவர்களே. 1993-இல் காஸ்பரோவை எதிர்த்து உலகப் பட்டத்துக்கு ஆடிய நைஜல் ஷார்ட், இணையத்தில் தம்மைத் தோற்கடித்த பெயரறியா ஒருவர் பாபி ஃபிஷரே என்று நம்புவதாக 2001-இல் எழுதினார். ஃபிஷர் அதனை மறுத்தார். ஷார்ட் அத்தோல்வியைப் பற்றி முறையிடவில்லை, மகிழ்ந்தே எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. புனைபெயரில் எழுதி வளர்ந்த இலக்கிய உலகைச் சேர்ந்த நாம், பெயரை மறைத்தல் என்னும் ஒன்றுக்காக எவரையும் தூற்றுவது பொருந்தாது.

எனினும், இலக்கியத்திலும் ஓர் எல்லைக்கோடு உண்டு. பிரான்சு நாட்டின் கோன்கூர் பரிசு ஒருவருக்கு ஒருமுறைதான் வழங்கப்பெறும். 1956-இல் அதனைப் பெற்ற ரோமன் கேரி, எமில் அழார் என்னும் பெயரில் எழுதி 1975-இல் மீண்டும் பெற்றார். 1980-இல் அவர் இறந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அந்நாவல் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பரிசு என்பது பிறர்க்கும் உரிய களம். ஒருவர் இருவராக நின்றபோது, வேறொருவருக்குரிய இடம் குறைந்தது. கேரியின் திறமையை வியப்போர் இப்பக்கத்தைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

தம் புதிய தொடக்க முறைகளைப் பிறர் காணாமல் பயில விரும்புகிறோம் என்றும், தரப்புள்ளி குறையுமோ என்ற அச்சமின்றி ஆட விரும்புகிறோம் என்றும் வல்லவர் சிலர் கூறுவர். முன்னது ஏற்கத்தக்கது, அதற்குத் தமக்கு நிகரானவரைத் தேடிக்கொள்ளலாம். பின்னதற்குப் புள்ளி சேராத ஆட்டம் என்ற வசதி எல்லாத் தளத்திலும் உள்ளது. தம் புள்ளியைக் காக்கப் பிறர் புள்ளியைப் பணயம் வைப்பது எவ்வகை நேர்மை? வேண்டுமென்றே தோற்றுத் தம்மைத் தாழ்நிலையிலேயே வைத்துக்கொள்வோரைப் பற்றி ஈண்டு விரித்துரைக்கத் தேவையில்லை. அது ஆட்டமேயன்று.

கற்பிப்பதற்காகத் தாழ்நிலையில் ஆடுவோர் இவர்களினும் வேறானவர். அமெரிக்கக் கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, 2025 அக்டோபரில் 29 வயதில் மறைந்தவர், புதிய கணக்கில் அடிப்படை நிலையினின்று தொடங்கி, ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் கூறி மேலேறும் காணொளிகளை வெளியிட்டார். ஒருவருக்கு ஒரே கணக்கு என்னும் விதியுடைய செஸ்.காம் தளம் அதற்கு இசைவளித்தது. அவரிடம் தோற்றவர்களுக்கு இழந்த புள்ளிகளைத் திருப்பித் தந்தது. ஆட்டம் முடிந்த பின் அவர் பிழைகளையும் எதிரியின் நல்ல நகர்வுகளையும் பொறுமையுடன் ஆராய்ந்தார். அக்காணொளிகளால் கற்றோர் பலர். அங்கும் தோற்றவனின் இசைவு முன்னரே பெறப்படவில்லை என்ற குறை நிற்கவே செய்கிறது. ஆயினும் வேடம் கலைந்தது, இழப்பு ஈடுசெய்யப்பட்டது, பாடமும் கிட்டியது.

19-ஆம் நூற்றாண்டில் வல்லவர்கள் எளியவர்களோடு ஆட விரும்பியபோது வேறொரு முறையைக் கையாண்டனர். அமெரிக்காவின் பால் மார்பி, தம்முடைய காலாள் ஒன்றை ஆட்டத்துக்கு முன்பே பலகையினின்று எடுத்துவிட்டு, முதல் நகர்வையும் எதிரிக்கே விட்டுக்கொடுத்து ஆட முன்வந்தார். குதிரையை எடுத்துவிட்டு ஆடியதும் உண்டு. எடுத்துவைக்கப்பட்ட அக்காய் பலகைக்கு வெளியே, இருவர் கண்ணுக்கும் தெரியும்படி, ஆட்டம் முடியும்வரை கிடந்தது.