மெருகு அழகுக்கு மட்டுமா?

அறிவியலைத் தமிழில் எழுதுவோரிடம் காணப்படும் குறைகளுள் ஒன்று, இரு வேறு செயல்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுவது. பல் மருத்துவம் பற்றிய எழுத்துகளில் வரும் 'பளபளப்பாக்குதல்' என்பது இதற்குத் தக்க சான்று.

சொத்தைப் பல்லைக் குடைந்து, பல்லின் நிறமுடைய பிசின் கலவையால் அடைத்த பின்னர் மருத்துவர் செய்யும் வேலை இரண்டு. மிகையை நீக்கி, எதிர்ப்பல்லோடு பொருந்துமாறு வடிவு செய்வது ஒன்று. அவ்வேலையால் விழுந்த கீறல்களைப் படிப்படியாகப் போக்குவது மற்றொன்று. முன்னதைச் சீர்செய்தல் என்றும், பின்னதை மெருகிடுதல் என்றும் பிரித்து வழங்குவதே முறை.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. சிரம்பானை அடுத்த பாரோய் முதலாக, நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியோர் கத்தி தீட்டுவதை நினைத்தாலே போதும். சொரசொரப்பான கல் கத்தியின் வாயைச் சீராக்கும். நயமான கல் அதன் கீறலைப் போக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

அடைப்புக்கும் இதுவே நெறி. இன்றைய கலவைகள் பலவற்றுக்கு அடிப்படை, 1962-இல் அமெரிக்கர் போவன் காப்புரிமை பெற்ற பிசின். அதனுள் கண்ணாடி, சிலிக்காத் துகள்கள் செறிந்திருக்கும். தேய்க்குங்கால் மெல்லிய பிசின் முதலில் தேயும்; வன்மையான துகள்கள் துருத்தி நிற்கும்; சில பெயர்ந்து குழியும் விழும். ஆதலின் பருந்துகள் கலந்ததைவிட நுண்துகள் கலந்ததே நன்கு மெருகேறும்.

எந்த அளவு வழவழப்பு வேண்டும்? 1997-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று 0.2 மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கை, எல்லையாகக் காட்டிற்று. சராசரிச் சொரசொரப்பு அதனை மிஞ்சினால் பரப்பில் கிருமிப்படலம் மிகும். அதற்குக் கீழே குறைப்பதால் கிருமி மேலும் குறைவதில்லை. படலம் தங்கினால் ஈறு வீங்கும். அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை விழவும் இடமுண்டு. வெற்றிலைச் சாறும் கோப்பியும் கறையாகப் படிவதும் சொரசொரப்பான பரப்பிலேயே மிகுதி.

இங்கே ஒரு தடை எழலாம். மெல்லிய ஒளிபுகும் நாடாவை அழுத்தி இறுகவைத்த பரப்பே யாவற்றினும் வழவழப்பானது. அதனை அப்படியே விட்டுவிடலாமே என்பர். அம்மேற்படலத்தில் பிசினே மிகுதி. அது விரைவில் தேய்ந்துவிடும். கடிக்கும்போது இடறும் பகுதியையும் நீக்கியே ஆகவேண்டும். ஆகவே, கண்ணுக்குப் பளபளப்பதெல்லாம் நன்றன்று. சீர்செய்த பின் மெருகிட்டதே நிலைக்கும்.

'பளபளப்பு' என்ற சொல் செய்யும் தீங்கு இதுதான். அதைக் கேட்கும் எளிய மனிதர், "அழகு நமக்கு எதற்கு?" என்று கடைசி வேலைக்குக் காத்திராமல் நாற்காலியை விட்டு எழுந்துவிடக்கூடும். அவர் இழப்பது அழகையன்று. அடைத்த பல்லின் ஆயுளை. தமிழாசிரியர்கள் வகுப்பிலே இவ்விரு சொற்களையும் பிரித்துக் காட்டுவாராயின், அது மொழிக்கும் நன்று. மாணவர் பல்லுக்கும் நன்று.