தேக்கும் வட்டியும்

குமாரபாளையத்துக் கைத்தறியாளன் வீட்டில் தறிக்குழி போக எஞ்சிய இடமே படுக்கை, சமையல், பிள்ளைகளின் பள்ளி எல்லாம். அவ்வூரிலிருந்து செட்டிநாடு சென்று கானாடுகாத்தான் வீதியில் நின்றால் கண் கூசுகிறது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாளிகைகள். முகப்பு ஒரு தெருவில், பின்வாயில் மறு தெருவில். பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல் தளம், முட்டை வெண்கரு கலந்த சுண்ணப்பூச்சு.

கொத்தனின் கைத்திறனை மெச்சுகிறோம். முற்றத்தில் மழைநீரை ஏந்திய மதிநுட்பத்தையும் மெச்சுகிறோம். ஆனால், முகப்பில் ஆடவர் கணக்கெழுத, பெண்டிர் பின்கட்டில் ஒடுங்கிய அமைப்பையும் சேர்த்தா 'பாரம்பரியம்' என்று பாராட்டுவது?

2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இவ்வூர்கள் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. எனினும் தேக்கைப் புகழும் ஏடுகளில் வட்டி அருகியே பேசப்படுகிறது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசமிருந்த நிலம் நூற்றுக்கு 6, 1937-இல் 25! ஆசையால் வாங்கிய நிலமன்று. நெல்விலை வீழ்ந்தபோது கடனுக்கு ஈடாக வந்தது. அவர்கள் மீது மட்டும் பழி போடவில்லை நாம். அந்த வயலை இழந்த பர்மிய உழவனுக்கு இந்த வீடுகளின் வரலாற்றில் ஒரு வரியேனும் கேட்கிறோம்.