கார்னோவ்ஸ்கி குடும்பம்

ஐ. ஜே. சிங்கர் யிட்டிஷ் மொழியில் எழுதி 1943-ல் வெளிவந்த நாவல் இது. ஆங்கிலத்தில் 1969-ல் வந்தது. நோபல் பரிசு பெற்ற தம்பி ஐசக்கின் பெயர் பரவிய அளவுக்கு அண்ணன் பெயர் பரவவில்லை. நாவலாசிரியர் என்ற அளவில் அண்ணனே ஒரு படி மேல் என்பது என் கட்சி.

டேவிட் கார்னோவ்ஸ்கி, மெண்டல்ஸோனின் பைபிள் விஷயமாகப் போலந்துச் சிற்றூரின் ஜெப ஆலயத்தில் சண்டை போட்டுக்கொண்டு பெர்லினுக்குக் குடியேறியவர். மகனுக்கு இரண்டு பெயர் வைக்கிறார். வீட்டில் மோசஸ், வெளியில் கியோர்க். உள்ளே யூதனாகவும் தெருவில் ஜெர்மானியனாகவும் இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மகன் டாக்டராகி, கிறிஸ்தவ நர்ஸை மணந்து, வீட்டுப் பெயரை உதறிவிடுகிறான். பேரன் யேகோரோ தன் உடம்பில் பாதி யூத ரத்தம் என்பதையே சகிக்க முடியாதவன். நாஜிகள் காலத்தில் அவனைப் பள்ளிக்கூட மேடையில் நிறுத்தி, இனப் பாடத்துக்கு உதாரணமாக்குகிறார்கள். நாவலின் உச்சம் இதுதான். அவமானப்படுத்தியவர்களை அல்ல, தகப்பனைத்தான் அந்தப் பையன் வெறுக்கிறான். வேறொருவர் இந்த இடத்தில் இரண்டு பக்கம் பிரசங்கம் செய்திருப்பார்.

நியூயார்க் பகுதியில் கொஞ்சம் அவசரம் தெரிகிறது. அங்கே வருகிற நாஜி ஏஜெண்டு வெறும் நாடக வில்லன். ஆனால் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு வீடு வந்து சேருகிற மகனுக்கு, கியோர்க் தன் கையாலேயே ஆபரேஷன் செய்கிற கடைசிப் பக்கங்களுக்காக அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.