கருகலுக்கு ஒரு நூல் முன்னே

சார் சியூ என்ற காண்டனீஸ் பெயரில் இரண்டே சொற்கள். ‘சார்’ என்றால் கவைக்கம்பி. ‘சியூ’ என்றால் நெருப்பில் வாட்டுவது. நீளவாக்கில் அரிந்த பன்றிக்கறியைக் கவைக்கம்பியில் குத்தி அனலுக்கு மேல் பிடித்த காலத்துப் பெயர் அது. இன்று ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் கறியைக் கொக்கியில் மாட்டி, உருளை வடிவ அடுப்புக்குள் தொங்கவிடுகிறார்கள். கவைக்கம்பியைக் கடைகளில் பார்க்க முடியாது. அதே பெயரோடு ஜப்பானுக்குப் போன பண்டத்திலோ பெரும்பாலும் நெருப்பே இல்லை. ராமென் கிண்ணத்தில் நூடுல்ஸுக்கு மேல் வட்ட வட்டமாகக் கிடக்கும் ‘சாஷூ’, நூல் கட்டிச் சுருட்டி சோயாச் சாற்றில் மெல்ல வேகவைத்த கறி. நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். கவை போய்க் கொக்கி வந்தபோது சார் சியூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெருப்பு போய்ச் சாறு வந்தபோது பெயர் மட்டும்தான் மிஞ்சியது. ஆகவே இதன் உயிர் கருவியில் இல்லை, கறியின் மேற்பரப்பில் இருக்கிறது என்பது என் கட்சி. சர்க்கரை பூசிய மேற்பரப்பு கருகுவதற்கு ஒரு நூல் முன்னே நிற்க வேண்டும். நின்றால் சார் சியூ. நிற்காவிட்டால் இனிப்பான பன்றிக்கறி. இதை ஒப்புக்கொண்டவருக்கு, வீட்டு ஓவனில் செய்வது கடைப் பண்டத்தின் போலி என்று நினைக்கக் காரணம் இருக்காது. கொக்கி வந்ததைப் போலக் கம்பித்தட்டும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேற்பரப்பைப் பற்றிய கவலை சீனச் சமையலுக்குப் புதிதல்ல. 6-ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே எழுதிய ‘ச்சிமின் யாவ்ஷு’ என்ற வேளாண் நூலில் பன்றிக்குட்டியை வாட்டும் முறை ஒன்று வருகிறது. குட்டியைக் கம்பில் கோத்து, மெல்லிய தீயிலிருந்து தள்ளிப் பிடித்து, கை ஓயாமல் சுழற்ற வேண்டும். நிறம் ஏறுவதற்குத் தெளிந்த மதுவைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். புதிதாக உருக்கிய பன்றிக்கொழுப்பை விடாமல் தடவ வேண்டும். அது கிடைக்காவிட்டால் நல்லெண்ணெயும் ஆகும். வயிற்றுக்குள் அடைக்க அவர் சொல்வது வெறும் புல். உள்ளே புல், வெளியே மதுவும் கொழுப்பும் என்றால் அவருடைய கண் எங்கே இருந்தது என்பது புரிகிறது. அது வட சீனத்து முறை, முழுக் குட்டி, சர்க்கரையும் கிடையாது. சார் சியூவின் நேர் மூதாதை என்று நான் வாதாடவில்லை. பூசுவது, திருப்புவது, மறுபடி பூசுவது என்ற அந்தத் தாளம்தான் இன்றுவரை வந்திருக்கிறது.

சார் சியூ செய்ய விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, எதில் ஊறவைப்பது என்பதைத்தான். எத்தனை அங்குலக் கனத்தில் அரிவது என்று கேட்பவர் அபூர்வம். நான் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். கடையில் வெட்டிக் கொடுக்கும் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் சுற்றிலும் சிவப்பாக ஒரு கோடு, அதற்குள் வெந்த கறியின் வெளிர் நிறம். ஊறவைத்த சாறு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. சில மில்லிமீட்டர், அதற்கு மேல் இல்லை. உப்பு மட்டும் ஓரிரவில் ஆழமாக இறங்கும். சர்க்கரை, பூண்டு, மசாலா வாசனை எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். அந்தக் கோட்டின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 4 சென்டிமீட்டர் சதுரமான வெட்டுமுகத்தில் அந்த ஓரம் 28 விழுக்காடு. 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டியாக வாட்டினால் 12 விழுக்காடுகூட இல்லை. ஒரே சாறு, ஒரே அடுப்பு, ஆனால் வாய்க்குப் போகும் சுவை பாதிக்கும் கீழே. அப்படியானால் 2 சென்டிமீட்டராக அரிந்துவிடலாமே, ஓரம் பாதிக்கு மேல் வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் மேலே நிறம் ஏறுவதற்குள் உள்ளே காய்ந்து சக்கையாகிவிடும். 4 முதல் 5 சென்டிமீட்டர் கனம், ஒரு சாண் நீளம் என்பது கடைக்காரர்கள் கை அனுபவத்தில் கண்ட அளவு. கணக்கும் அதையே சொல்கிறது.

எந்தப் பாகம் என்பதற்கும் இதே நியாயம்தான். கழுத்தும் தோளும் சேரும் இடத்துக் கறியில் கொழுப்பு தனியாக ஒரு பட்டையாக நிற்காமல் சதைக்குள் நரம்பு நரம்பாக ஓடும். மேற்பரப்பு பதத்துக்கு வரும்வரை உள்ளே ஈரத்தைக் காப்பது அந்தக் கொழுப்பு. தோல் வேண்டாம், தோலோடு மொறுமொறுவென்று வாட்டுவது ‘சியூ யுக்’ என்ற தனிப் பண்டம். முதுகுச் சதையைச் சுத்தமானது, கொழுப்பில்லாதது என்று வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது மேலே பாகும் உள்ளே பஞ்சும். ஹாங்காங் கடைகளில் பழகியவர்கள் வெறுமனே சார் சியூ கேட்பதில்லை. ‘புன் ஃபெய் சௌ’, அதாவது பாதிக் கொழுப்பு பாதிச் சதை என்பார்கள். கூடவே ‘நுங் பின்’, கருகின ஓரம் என்பார்கள். ருசி கண்டவர்கள் கேட்கும் அந்த இரண்டில் ஒன்றுகூட மசாலாவைப் பற்றியது அல்ல.

ஊறவைக்கும் சாறு முக்கியமே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அதன் வேலை என்ன என்று தெரிந்து கலக்க வேண்டும் என்கிறேன். வெளிர் சோயா உப்புக்கும் உமாமிக்கும். அடர் சோயா நிறத்துக்கு. ஹோய்சின் சாஸ் கெட்டித்தன்மைக்கு. ‘நாம் யூ’ என்ற சிவப்புப் புளித்த சோயாக்கட்டியில் ஒன்றிரண்டை மசித்துச் சேர்த்தால், பழைய பாலாடைக்கட்டி போல ஒரு வீச்சமும் ஆழமும் வரும். இதை விட்டுவிட்டுச் செய்த சார் சியூ எனக்குத் தட்டையாகத் தெரிகிறது. ஷாவ்ஷிங் மது அல்லது ரோஜா மணக்கும் மது ஒரு கரண்டி. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு சேர்ந்த ஐந்து மசாலாத் தூளோ கிலோவுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் கூடாது. மசாலா என்றால் தாராளமாகப் போட வேண்டும் என்ற நம் கைப்பழக்கம் இங்கே காரியத்தைக் கெடுக்கும். அன்னாசிப்பூ தலைதூக்கினால் மற்றதெல்லாம் வாயடைத்துப்போகும். இவை அனைத்தையும் விடப் பெரிய பங்கு சர்க்கரைக்கு. 1 கிலோவுக்கு 80 முதல் 100 கிராம். கறிக்கு இவ்வளவு இனிப்பா என்று கை பின்வாங்கும். பின்வாங்கக் கூடாது, ஏனென்றால் இந்தச் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் போட்டது அல்ல. அது நிறமாகவும் கசப்பாகவும் மாறப்போகும் சரக்கு.

அந்த மாற்றத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, சர்க்கரை தனியாகவே சூட்டில் உடைந்து பழுப்பாவது. மற்றொன்று, சர்க்கரையும் கறியிலும் சோயாவிலும் உள்ள அமினோ அமிலங்களும் சேர்ந்து நிறமும் மணமும் தருவது. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயரால் அறியப்படுவது. சர்க்கரைகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. தேனில் மிகுந்திருக்கும் ஃபிரக்டோஸ் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸிலேயே உடையத் தொடங்கும். வெள்ளைச் சர்க்கரை 160-ஐ ஒட்டி. மால்டோஸ் 180-ஐ ஒட்டி. தொடக்கத்திலேயே தேனைப் பூசி ஓவனில் வைப்பவர் கறி வேகுமுன் கரியைப் பார்ப்பது இதனால்தான். காண்டன் கடைகள் நம்பியிருப்பது முளைகட்டிய தானியத்தால் சோற்று மாவைச் சர்க்கரையாக்கிக் காய்ச்சும் மால்டோஸ் பாகு. கரண்டியை விட்டு இறங்காத அளவுக்குக் கெட்டி. கையை நனைத்துக்கொண்டுதான் எடுக்க முடியும். சர்க்கரையின் இனிப்பில் இதற்குப் பாதிகூட இல்லை. அதனால் இரண்டு கை, மூன்று கை பூசினாலும் திகட்டாது. தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சற்று நேரத்தில் வியர்த்துவிடும்; மால்டோஸ் அரக்குப் பூசியது போலப் பளபளத்து நிற்கும். தேனுக்கு மணம் உண்டு என்ற வாதத்தை ஏற்கிறேன். கடைசிப் பூச்சில் கால் பங்கு தேன் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை.

சிவப்பு நிறத்தைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. சிவப்பாக இல்லாதது சார் சியூ அல்ல என்பவர்கள் கடைச் சாயத்தைப் பார்த்துப் பழகியவர்கள். நாம் யூவுக்கு நிறம் தருவது மொனாஸ்கஸ் என்ற பூஞ்சை வளர்த்த சிவப்பு அரிசி. அந்தச் சிவப்பு செங்கல் நிறம்; நெருப்பில் ஏறினால் பழைய தேக்கு போல இருளும். குங்குமச் சிவப்பாக மின்னுவதற்கு உணவுச் சாயம் தேவை. கோலாலம்பூர் பக்கம் பேர்பெற்றது கருத்த, பிசுபிசுத்த, ஏறக்குறைய வெல்லப்பாகு நிறத்துச் சார் சியூ. காப்பிக்கடைகளில் வான்டன் மீ தட்டின் ஓரத்தில் அதைப் பார்த்தே வளர்ந்த மலேசியத் தமிழர்களிடம் சிவப்புதான் இலக்கணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சாயத்தில் எனக்கு ஒழுக்கக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் சாயம் கண்ணை ஏமாற்றுகிறது: பச்சையாக இருக்கும்போதே வெந்தது போலத் தோன்றுவதால், சமைப்பவருக்குப் பதம் தெரிவதில்லை.

இனி, காண்டன்காரர்களே சொல்லக்கூடிய மறுப்பு. அங்கே சார் சியூவை யாரும் வீட்டில் செய்வதை எதிர்பார்ப்பதில்லை. ‘சாம் லியூ’ என்று ஒரு வழக்கம்: மாலையில் வீடு திரும்பும்போது வாட்டுக்கறிக் கடையில் நிறுத்தி, வெட்டி வாங்கிப் போய் வீட்டுச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது. அந்த வேலைக்கென்றே அடுப்பும் ஆளும் இருக்கும்போது வீட்டில் எதற்கு? நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தொங்கும் கறிக்கு நாலா பக்கமும் சூடு கிடைக்கிறது. உருகும் கொழுப்பு அதன் உடலிலேயே வழிந்து தானே பூசிக்கொள்கிறது. கம்பித்தட்டில் படுத்திருக்கும் கறிக்கு அந்தச் சுகம் இல்லை. அதைக் கைவேலையால் ஈடுகட்ட வேண்டும். 200 டிகிரி ஓவன்; கம்பித்தட்டுக்குக் கீழே உள்ள தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர், சொட்டும் சாறு தீய்ந்து புகையாமல் இருக்க. தண்ணீர் அதிகமானால் ஆவி கட்டி மேற்பரப்பு வெந்துபோகும், வாடாது. 12 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பல். ஊறவைத்த சாறு பச்சைக்கறி பட்டது என்பதால் தனியே கொதிக்கவைத்து வற்றவிட்டு, மால்டோஸ் சேர்த்துப் பூசுவது. அரை மணிக்குப் பிறகு சூட்டை 230-க்கு ஏற்றி, கடைசி இரண்டு பூச்சு.

இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓவன் கண்ணாடியை விட்டு நகரக் கூடாது. முதலில் பாகு நுரைக்கும், நுண்ணிய வெண்குமிழிகளாக. அது ஈரம் போகும் கட்டம், பயமில்லை. பிறகு குமிழிகள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, சோம்பலாக எழுந்து உடையும். அப்போது வாசனை மாறும். சோயாவின் உப்பு வீச்சம் பின்னுக்குப் போய், வெல்லம் காய்ச்சும் இடத்து மணம் முன்னால் வரும். துண்டின் முனைகளிலும், மேடு தட்டிய இடங்களிலும் முதலில் கருமை தொடும். கம்பிப் பதமும் உருட்டுப் பதமும் பார்த்துப் பழகிய கைக்கு இது அந்நிய வித்தை அல்ல. பாகு வாணலியில் இல்லாமல் கறிமேல் இருக்கிறது. முனைகளில் கருமை நகக்கண் அளவுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். முழுப் பன்றிக்கறித் துண்டுக்கு உள்சூடு 63 டிகிரியும் 3 நிமிட ஓய்வும் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011-இல் சொன்னது. பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் கழுத்துக்கறியின் சவ்வு இளகுவதற்கு 70-ஐத் தாண்டுவதுதான் ருசிக்கு நல்லது.

கருகல் உடம்புக்கு ஆகாதே என்பதை அலட்சியமாகத் தள்ள முடியாது. கடும் சூட்டில் கருகும் இறைச்சியில் தீங்கான சேர்மங்கள் உருவாகின்றன. தினமும் தின்னும் பண்டமாக இதை யாரும் சிபாரிசு செய்யவில்லை. மேலும், கறுப்பாகிப் பொடியும் பகுதி கசப்பைத் தவிர ஒன்றும் தராது. அதை நறுக்கித் தள்ளுவதே ரசனையும். நான் பேசுவது அடர்பழுப்பைப் பற்றி, அதன் முனையில் ஒரு துளிக் கறுப்பைப் பற்றி. அந்தத் துளிக் கசப்பு இல்லாவிட்டால் இனிப்பு வாயிலேயே வழவழத்துக் கிடக்கும். அளவு தாண்டினால் கெடும் என்பது உப்புக்கும் பொருந்தும். அதற்காக உப்பை யாரும் விடுவதில்லை.

கடையை விட வீடு தெளிவாக முந்தும் இடம் ஒன்று உண்டு: நேரம். அடுப்பை விட்டு வந்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டால், பாகு இறுகி, பல்லில் பட்டதும் மெல்லிய தகடாக விரிசல் விட்டு உடனே இளகும். அந்த நிலை அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி. அதன் பிறகு கறியின் ஈரம் வெளியே வந்து தகடு தோலாகிவிடும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மதியத்திலிருந்து தொங்கும் துண்டு எவ்வளவு பெரிய கைகாரர் செய்ததாக இருந்தாலும் அந்த அரை மணியைத் தவறவிட்டது. அடுப்பிலிருந்து இறங்கும் வேளை தெரிந்து வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும் அது வாய்க்கும். வீட்டிலோ சோறு வடித்த நேரமும் கறி இறங்கும் நேரமும் சமைப்பவர் கையில். 1996-இல் ஸ்டீபன் சௌ நடித்து வெளிவந்த ‘சமையல் கடவுள்’ படத்தில் போட்டியின் உச்சத்தில் வரும் உணவு வேறெதுவும் அல்ல, சோற்றுக்கு மேல் சார் சியூவும் ஒரு பொரித்த முட்டையும். நாருக்குக் குறுக்கே, அரை விரல் கனத்தில் வெட்டி அடுக்கி, தட்டில் தேங்கிய சாற்றை மேலே விட்டால் வேறு குழம்பு தேவையில்லை. மிஞ்சியதை மறுநாள் சூடுபடுத்தி அந்தத் தகட்டைத் திரும்பக் கொண்டுவர முயல்வது வீண் வேலை. காண்டன்காரர்கள் அதைச் சிறு கட்டமாக நறுக்கி, சிப்பி சாஸில் புரட்டி, மாவுக்குள் வைத்து ஆவியில் அவிக்கிறார்கள். தோலாய்ப்போன பாகு அந்தச் சாற்றில் கரைந்து கெட்டிப்படும். பன் வெந்து உச்சி வெடிக்கும்போது விரிசல் வழியாகத் தெரிவது நேற்றைய ஓரம்தான்.