அம்மாவுக்குப் புரியுமா?

வடிவமைப்புப் பயிலரங்குகளில் எழுதப்படாத ஒரு தேர்வு உண்டு. செல்பேசிச் செயலியையோ இணையதளத்தையோ செய்து முடித்த குழுவிடம் பயிற்சி தருபவர் கேட்பார்: "இது உங்க அம்மாவுக்குப் புரியுமா?" அரங்கு சிரிக்கும். இணையதளங்களின் தமிழ்ப் பதிப்புகளுக்கு வேலை செய்பவள் என்ற முறையில் சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய அரங்குகளில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வி வராமல் முடிந்த நாள் குறைவு. சில நேரம் அம்மாவுக்குப் பதில் பாட்டி வருவார். அப்பாவுக்குப் புரியுமா என்று யாரும் கேட்டு என் காதில் விழுந்ததில்லை.

கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. எளிமையாகச் செய்யுங்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறார்கள். ஆனால் அறியாமைக்கு ஓர் அளவுகோல் தேவைப்படும்போது கை தானாக எங்கே போகிறது என்று பாருங்கள். ஏலச்சீட்டுக் கணக்கு, ரேஷன் கடையில் சரக்கு வரும் நாள், சிலிண்டர் பதிந்த தேதி, மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் தாளில்லாமல் மனதில் வைத்திருப்பவர் அந்த அம்மா. அதை அறிவு என்று அரங்கு எண்ணுவதில்லை.

பயன்பாட்டு எளிமை என்ற துறையின் வரலாற்றிலேயே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் வேலை பார்த்தார். புதிய நகலெடுக்கும் இயந்திரம் ஒன்று சிக்கலாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள். சச்மன் ஆட்களை இருவர் இருவராக அந்த இயந்திரத்தின் முன் நிறுத்தி, அவர்கள் தடுமாறுவதைப் படம்பிடித்தார். இருவராக நிறுத்தியதில்தான் நுட்பம்: தனியாள் மனதுக்குள் குழம்புவார், இரண்டு பேர் என்றால் வாய்விட்டுப் பேசுவார்கள். அந்தப் படங்களில் புகழ்பெற்ற ஒன்றில் இரு பக்க நகல் எடுக்க முடியாமல் திண்டாடுபவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1975இல் டூரிங் விருது பெற்றவர். யாருடைய அம்மாவும் அல்ல. 1987இல் வெளிவந்த சச்மனின் நூல், மனிதர்கள் முன்கூட்டி வகுத்த திட்டத்தை அப்படியே நிறைவேற்றுவதில்லை, அந்தந்த நிலைமையைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறார்கள் என்று வாதிட்டது. மூளையை அளந்து பயன் இல்லை, நிலைமையைப் பார் என்பது அதன் பாடம். இன்றும் துறை அந்த நூலைப் போற்றுகிறது. மேடையில் மட்டும் அம்மா கேள்வி தொடர்கிறது.

இதற்கும் முன்னால் சமையலறை இருக்கிறது. அமெரிக்காவின் லில்லியன் கில்பிரெத், ஆஸ்திரியாவின் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி இருவரும் 1920களில் சமையலறையில் நடக்கும் அடிகளையும் கைநீட்டல்களையும் எண்ணினார்கள். ஷூட்டே-லிஹோட்ஸ்கியின் பிராங்க்ஃபர்ட் சமையலறை 1926இல் வந்தது. அந்நகரின் புதிய குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. கில்பிரெத் உளவியலில் முனைவர். 1914இல் நிர்வாக உளவியல் பற்றிய அவருடைய நூலை வெளியிட்டவர்கள், எழுதியவர் பெண் என்று தெரியக் கூடாதென்று தலைப்பெழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: இருவருமே சமையலில் நாட்டமோ பழக்கமோ உள்ளவர்கள் அல்ல. பெண் என்பதால் அவர்களுக்கு அடுப்படி தெரிந்திருக்கவில்லை. அளந்து, விசாரித்து அறிந்துகொண்டார்கள். 'பெண்களுக்கு இயல்பிலேயே பரிவு உண்டு, அதனால் ஆய்வுக் குழுவில் பெண்கள் வேண்டும்' என்று மாநாடுகளில் பாராட்டாகச் சொல்லப்படுவதை நான் ஏற்காததற்கு இதுவும் காரணம். அந்தப் பரிவுக்குச் சம்பளம் குறைவு. ஆய்வு என்று சொன்னால் பட்டியலில் இடம் கிடைக்கும். பிராங்க்ஃபர்ட் சமையலறையைப் பின்னாளில் பெண்ணியவாதிகள் விமர்சித்ததும் நியாயமே. ஒருத்தி மட்டும் நிற்கக்கூடிய அறையைச் செய்துவிட்டால், இரண்டாவது ஆளுக்கு வேலை செய்ய இடமில்லை என்பது கட்டடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இந்திய அரங்குகளுக்கு வருவோம். இங்கே தவறாமல் திரையில் தோன்றும் படம் ஒரு செம்பு. இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் தந்த அறிக்கையில் லோட்டாவை வியந்து எழுதினார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது. செம்பை வடிவமைக்க வேண்டுமென்றால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று அவர்கள் தந்த கேள்விகள் அழகானவை: எவ்வளவு நீர், எப்படி ஊற்றுவது, தலையிலா இடுப்பிலா கையிலா, நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், தூக்கும் கை எவ்வளவு பெரியது, அது ஆணின் கையா பெண்ணின் கையா என்பதும்கூட. (இடுப்பில் ஏறுவது நம் ஊரில் குடம்தான்; அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) கேள்வியில் பெண்ணின் கை இருக்கிறது. ஆனால் செம்பை உருவாக்கியது யார் என்று சொல்லும்போது பல தலைமுறை ஆண்கள் என்று எழுதுகிறார்கள். அன்றைய ஆங்கில வழக்கில் அந்தச் சொல் மனிதர் அனைவரையும் குறிக்கும் என்பார்கள். இருக்கட்டும். அதே அறிக்கையில் கிராமத்துப் பெண்கள் வெளிப்படையாக வருவது எங்கே தெரியுமா? புளியும் சாம்பலும் போட்டு அந்தப் பித்தளையைத் தினமும் பொன்னாக்கும் இடத்தில். உருவாக்கியவர் ஒரு பக்கம், தேய்ப்பவர் ஒரு பக்கம். திரையில் செம்பு பளபளக்கும்போதெல்லாம் அதைத் தேய்க்கும் நேரத்தை வடிவமைப்பின் கணக்கில் சேர்ப்பீர்களா என்று கேட்கத் தோன்றும். தினமும் தேய்த்தே தீர வேண்டிய பாத்திரம் பயன்பாட்டுக்கு எளிதுதானா?

படைப்பாற்றல் பயிலரங்குகள் இதன் பங்காளி வீடு. குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் பரப்பினார். 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தனித்தனியாக யோசித்தவர்களின் கூட்டுத்தொகை, குழுவாக யோசித்தவர்களைவிட அதிக யோசனைகளைத் தந்தது. ஆனாலும் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் சுவரை நிறைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றை எழுதுவது யார்? "உங்க கையெழுத்து நல்லா இருக்கும், நீங்க எழுதுங்க மேடம்." எழுதுபவருக்குப் பேச நேரமிருக்காது. மாலையில் சுவரைக் காட்டி விளக்குபவர் வேறொருவர்.

மேடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேச்சாளருக்குத் தரும் ஒலிவாங்கியின் கிளிப் சட்டைக் காலரில் மாட்டுவதற்கானது. அதன் பெட்டி இடுப்புப் பெல்ட்டிலோ கால்சட்டைப் பையிலோ இருக்க வேண்டும். காலரும் பையும் இல்லாத சுடிதாரில் வந்த பெண் ஒருவர், அனைவருக்குமான வடிவமைப்பு என்ற தலைப்பில், பெட்டியை இடது கையில் பிடித்தபடியே இருபது நிமிடம் பேசியதைப் பார்த்தேன். வலது கையால் திரையை நகர்த்தினார். மிக நன்றாகப் பேசினார். உயரமான முக்காலியில் புடவையோடு ஏறி உட்கார்ந்து விவாதிப்பது, கைக்குழந்தையோடு வந்தவர் பாலூட்ட இடம் தேடுவது எல்லாம் இதே வரிசை.

ஒரு பயிலரங்கில் நான் கேட்டேன்: கடவுச்சொல்லைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறீர்களே, வீட்டில் ஒரே செல்பேசி, அது கணவரோடு வேலைக்குப் போய்விட்டால்? "எட்ஜ் கேஸ்" என்று பதில் வந்தது. விளிம்பில் நடக்கும் அபூர்வம் என்று பொருள். 2011 கணக்கெடுப்பின்படியே பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் இந்தியாவில் ஏறத்தாழ 2.7 கோடி. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைத் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பெறுகிறார்கள். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, செல்பேசி எண் என்று இணையத்தின் எதிரில் நிற்பது இவர்கள்தான். இது எந்தக் கணக்கில் விளிம்பு?

படிவங்களில் 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. எழுத்தின் அளவையும் பொத்தானின் நிறத்தையும் இரண்டு நாள் விவாதித்த அரங்குகளில் அந்த நட்சத்திரம் விவாதத்துக்கு வந்து நான் பார்க்கவில்லை. அது வாடிக்கையாளரின் தேவை, நம் வேலையில்லை என்பார்கள். மகளைத் தனியே வளர்த்த ஒரு தாய் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தாயின் பெயர் மட்டுமே போதும் என்று 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளை மாற்றியது: பெற்றோரில் ஒருவர் அல்லது பாதுகாவலர் பெயர் போதும், திருமணச் சான்றிதழ் வேண்டாம், மணவிலக்குப் பெற்றவர் துணைவர் பெயரைத் தர வேண்டாம். படிவத்தில் சில கட்டங்கள் குறைந்தன.